பந்தியில் முதல் இலை

பாரிஸ் நகரத்தில் டொமினிக்கன் சபைத் துறவிகளுக்கு ஒரு மடம் இருந்தது. 1230-ஆம் ஆண்டையொட்டி அந்த மடத்தில் ஒரு விசித்திரமான வேலை தொடங்கிற்று. பைபிளில் உள்ள முக்கியமான சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தச் சொல் எந்தப் புத்தகத்தில், எந்த அதிகாரத்தில், எந்த இடத்தில் வருகிறது என்று எழுதி வைப்பதே அந்த வேலை. செயின்ட் ஷேர் ஊர் ஹியூ என்னும் பெரியவர் அதை முன்னின்று நடத்தினார். அந்தக் காலத்தில் பைபிளுக்கு வசன எண்கள் கிடையா. ஆகவே ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு பங்காகப் பிரித்து, ஏ முதல் ஜி வரையில் ஏழு எழுத்துக்களை வைத்துக்கொண்டு இடத்தைக் குறித்தார்கள். ஐரோப்பாவில் அச்சு யந்திரம் வருவதற்கு இருநூறு வருஷங்களுக்கு முன்பு நடந்த காரியம் இது.

அவர்கள் செய்தது என்ன? புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினார்கள். புத்தகம், பக்கத்தைக் காட்டி, 'இதில் இன்ன சொற்கள் இருக்கின்றன' என்று சொல்லுகிறது. அவர்களுடைய சொல்லடைவோ சொல்லைக் காட்டி, 'இது இன்ன இன்ன இடங்களில் இருக்கிறது' என்று சொல்லிற்று. இன்றைக்கு நாம் கைப்பேசியில் இரண்டு சொற்களைத் தட்டிய மாத்திரத்தில் விடையைக் கொண்டுவந்து நிறுத்துகிறதே, அந்தத் தேடு யந்திரத்துக்கும் இந்த யுக்திதான் அஸ்திவாரம்.

ஆனால் துறவிகளின் ஏட்டுக்கும் இன்றைய யந்திரத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 'ஒளி' என்ற சொல் நூறு இடங்களில் வந்தால், நூறு இடங்களையும் புத்தகத்தின் வரிசைப்படியே எழுதிவிட்டு அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். இந்த இடம் உசத்தி, அந்த இடம் மட்டம் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. யந்திரத்தினால் அப்படி ஒதுங்க முடியாது. அதன் வாசலில் லட்சக்கணக்கான பக்கங்கள் வந்து நிற்கின்றன. பார்க்க வந்தவனோ மிஞ்சிப்போனால் பத்துப் பக்கங்களைப் பார்ப்பான். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்றோடு எழுந்துவிடுவான். அப்படியானால் பந்தியில் முதல் இலையை யாருக்குப் போடுவது?

'எங்கே இருக்கிறது?' என்பது குமாஸ்தாவின் கேள்வி. 'எது முதலில்?' என்பது நீதிபதியின் கேள்வி. குமாஸ்தா எப்படி நீதிபதியானார், ஆன பிறகு கோர்ட்டில் என்னென்ன நடந்தன என்பதே நான் சொல்ல விரும்பும் சரித்திரம். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கணித சாஸ்திரி அல்ல. ஆனால் இந்தச் சரித்திரத்தில் கணிதத்தைக் காட்டிலும் மனித சுபாவம் அதிகமாக இருக்கிறது. எழுதத் துணிந்ததற்கு அதுதான் காரணம்.

*

முதலில் பலருக்கும் உள்ள ஒரு எண்ணத்தைத் திருத்திவிடலாம். நாம் கேள்வி கேட்ட பிறகு யந்திரம் உலகமெல்லாம் ஓடித் தேடிவிட்டு வருவதாக நினைக்கிறார்கள். ஓட்டமெல்லாம் முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது. 'சிலந்தி' என்று செல்லப் பெயர் வைத்திருக்கும் ஒரு புரோகிராம் இரவு பகலாக அலைகிறது. ஒரு பக்கத்துக்குப் போகும். அதைப் பிரதி எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து வேறு பக்கங்களுக்கு வழி காட்டும் இணைப்புகள் இருந்தால் அவற்றைக் குறித்துக்கொண்டு அங்கேயும் போகும். இது முடிவில்லாத யாத்திரை. கொண்டுவந்த பிரதிகளிலிருந்து சொல்லடைவு தயாராகிறது. நாம் 'காவிரி வெள்ளம்' என்று கேட்டால், காவிரிக்கு நேரே உள்ள பட்டியலையும் வெள்ளத்துக்கு நேரே உள்ள பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் காணும் பக்கங்களைப் பொறுக்கி எடுக்கிறது. அந்த நேரத்தில் அது உலகத்தைப் பார்ப்பதில்லை. தன் ஏட்டைத்தான் பார்க்கிறது. ஏட்டில் ஏறாத பக்கம் அதைப் பொறுத்தவரையில் பிறக்கவே இல்லை.

இந்த ஏட்டு வேலை 1990-இல் தொடங்கியது. கனடா தேசத்து மான்ட்ரியல் நகரில், மக்கில் சர்வகலாசாலையில் இருந்த ஆலன் எம்டேஜ் என்ற பார்படோஸ் தீவு இளைஞர் 'ஆர்ச்சி' என்று ஒன்றைச் செய்தார். பல ஊர்க் கம்ப்யூட்டர்களில் பொதுவாக வைத்திருந்த கோப்புகளின் பெயர்களை அது திரட்டிப் பட்டியல் போட்டது. கோப்பின் பெயர் தெரியும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. பெட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டுக்களைப் படித்துவிட்டுச் சரக்கைச் சொல்வதுபோல.

ஜினீவாவுக்கு அருகில் ஸெர்ன் என்ற அணு ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய வலை, 1991-இல் பொது உபயோகத்துக்கு வந்தது. ஆரம்பத்தில் எந்தெந்த ஊரில் வலைத்தளம் இருக்கிறது என்ற பட்டியலை அவரே கையால் எழுதி வைத்து வந்தார். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற மாதிரி ஒருவரே எழுதிச் சமாளிக்கும் அளவில்தான் விருந்தாளிகள் இருந்தார்கள். 1993 ஜூனில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர் மாத்யூ கிரே ஒரு புரோகிராமை அனுப்பி எண்ணிப் பார்த்தபோது 130 தளங்கள் தேறின. அதே வருஷம் டிசம்பரில் 623. 1995 ஜூனில் 23,500! கையால் எழுதுகிற காலம் முடிந்துவிட்டது.

இரண்டு வகையாக இந்த வெள்ளத்தைச் சமாளிக்கப் பார்த்தார்கள். 1994-இல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் நல்ல தளங்களைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டார்கள். அதுவே யாஹூ ஆயிற்று. அங்கே மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு தளத்தையும் பார்த்து, இது விஞ்ஞானம், இது சமையல் என்று அலமாரியில் வைத்தார்கள். அனுபவப்பட்ட நூலகர் செய்கிற காரியம். ஆனால் நூலகத்துக்கு நாள்தோறும் லாரி லாரியாகப் புத்தகம் வந்து கொட்டினால் நூலகர் என்ன செய்வார்? யாஹூவின் அந்தப் பட்டியல் நாளடைவில் யாரும் எட்டிப் பார்க்காத அறையாகி, 2014 கடைசியில் மூடப்பட்டது.

மற்றொரு வகை, யந்திரத்திடமே முழு வேலையையும் விட்டுவிடுவது. 1994-இல் வாஷிங்டன் சர்வகலாசாலையில் பிரையன் பிங்கர்ட்டன் செய்த 'வெப்கிராலர்', பக்கத்தின் தலைப்போடு நிற்காமல் அதில் உள்ள எல்லாச் சொற்களையும் ஏட்டில் ஏற்றியது. அதே வருஷம் கார்னெகி மெலன் சர்வகலாசாலையிலிருந்து 'லைகோஸ்' வந்தது. ஓநாய்ச் சிலந்தியின் விஞ்ஞானப் பெயரிலிருந்து எடுத்த பெயர் அது. 1995 டிசம்பரில் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனியார் 'ஆல்டாவிஸ்டா'வைத் திறந்து வைத்தார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட பக்கங்களை வைத்துக்கொண்டு நொடியில் பதில் சொன்ன அந்த யந்திரத்தைக் கண்டு ஜனங்கள் பிரமித்துப்போனார்கள்.

சிலந்தி அழையாத வீட்டுக்குள்ளும் நுழைந்து சிலருடைய கம்ப்யூட்டரைத் திணற அடித்ததால், 1994-இல் மார்டைன் காஸ்டர் என்பவர் ஓர் ஏற்பாட்டைச் சொன்னார். வாசலில் ஒரு சீட்டு ஒட்டிவைப்பது. 'இந்த அறைக்கு வரலாம், அந்த அறைக்கு வரவேண்டாம்' என்று. அதைச் சட்டம் என்று சொல்ல முடியாது, வெறும் மரியாதைதான். ஆனாலும் பல வருஷங்களுக்கு அந்த மரியாதை பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது.

*

ஏடு தயார். இனி வரிசை.

வரிசைக்கான முதல் யோசனை வலை பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. நூலகங்களில் உள்ள கட்டுரைகளைக் கம்ப்யூட்டரைக் கொண்டு தேடுவதற்காக, அமெரிக்காவில் ஜெரார்டு ஸால்டன் 1960-களிலிருந்து ஆராய்ந்து வந்தார். 1972-இல் கேம்பிரிட்ஜில் காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற அம்மையார் ஒரு நுட்பத்தை எழுதினார். ஒரு சொல் எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறதென்றால் அதற்கு மதிப்புக் குறைவு. சில கட்டுரைகளில் மாத்திரம் வருகிறதென்றால் அதற்கு மதிப்பு அதிகம். 'ஒரு', 'என்று', 'ஆனால்' முதலிய சொற்கள் எங்கும் உண்டு. அவற்றால் எதையும் பிரித்தறிய முடியாது. 'கல்லணை' என்ற சொல் வந்தால் விஷயமே வேறு. இப்படி அபூர்வமான சொல் ஒரு பக்கத்தில் பல தடவை வந்தால் அந்தப் பக்கம் அதைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கலாம்.

நல்ல யோசனைதான். நூலகத்தில் அது ஒழுங்காக வேலை செய்தது. ஏனென்றால் நூலகத்துக் கட்டுரையை எழுதிய பேராசிரியருக்குக் கம்ப்யூட்டரில் முந்தவேண்டும் என்ற எண்ணமே கிடையாது. வலையிலோ கடை வைத்திருந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். சொல் எத்தனை தடவை வருகிறதென்று யந்திரம் எண்ணுகிறதா? சரி, நூறு தடவை எழுதிவிட்டால் போகிறது! வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக எழுதினார்கள். மனிதன் கண்ணுக்குத் தெரியாது. சிலந்தியின் கண்ணுக்குத் தெரியும். காருக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமில்லாத பக்கங்கள் காரையும் கடிகாரத்தையும் தேடியவர்கள் முன்னால் வந்து நின்று இளித்தன.

காரணம் எளியது. ஒவ்வொரு பக்கமும் தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்லிற்று. தன் வழக்குக்குத் தானே சாட்சியாக நிற்பவனை எந்தக் கோர்ட்டு நம்பும்?

வேறு சாட்சி வேண்டும் என்ற எண்ணமும் பழையதுதான். 1873-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் ஃபிராங்க் ஷெப்பர்டு என்பவர், வக்கீல்களுக்காக ஒரு வியாபாரம் தொடங்கினார். ஒரு பழைய தீர்ப்பைப் பிற்காலத்தில் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துச் சொல்லியிருக்கின்றன, எவை ஒப்புக்கொண்டன, எவை மறுத்தன என்பதைப் பசை தடவிய காகிதத்தில் அச்சிட்டு விற்றார். வக்கீல் அதைக் கிழித்துத் தம் சட்டப் புத்தகத்தில் அந்தத் தீர்ப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வார். அந்தத் தீர்ப்புக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இந்த முறையைக் கண்ட யூஜீன் கார்ஃபீல்டு, 1955-இல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில், விஞ்ஞானத்துக்கும் இதைச் செய்யலாமே என்று எழுதினார். யாருடைய கட்டுரையை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற பெரும் பட்டியலை 1964 முதல் முறையாக வெளியிட்டும் காட்டினார். 1976-இல் பின்ஸ்கி, நாரின் என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். மேற்கோள்களை வெறுமனே எண்ணினால் போதாது. மேற்கோள் காட்டுகிறவர் யார் என்றும் பார்க்கவேண்டும் என்றார்கள். பெரியவர் ஒருவர் சொல்லும் 'பேஷ்' என்ற வார்த்தைக்கும், சும்மா கூட நின்றவர் சொல்லும் 'பேஷ்' என்ற வார்த்தைக்கும் ஒரே நிறையா?

*

1996-இல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் லாரி பேஜ் என்ற ஆராய்ச்சி மாணவர் இந்த எண்ணத்தை வலைக்குப் பொருத்தினார். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கிறதென்றால், 'இதைப் போய்ப் பார்' என்று சாட்சி சொல்லுகிறது என்று அர்த்தம். அவரோடு மாஸ்கோவில் பிறந்த ஸெர்கே பிரின் சேர்ந்துகொண்டார். கணக்கு இதுதான்: பலர் இணைப்புக் கொடுக்கும் பக்கம் பெரிய பக்கம், பெரிய பக்கங்கள் இணைப்புக் கொடுக்கும் பக்கம் இன்னும் பெரிய பக்கம்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. பெரியவர் யார்? பெரியவர்கள் மதிக்கிறவர். அந்தப் பெரியவர்கள் யார்? அவர்களையும் பெரியவர்கள் மதிக்கவேண்டும். நாய் தன் வாலைத் துரத்துவது போல் இருக்கிறதல்லவா? அதை அவிழ்க்க ஓர் ஊர்சுற்றியைக் கற்பனை செய்துகொண்டார்கள். அவன் ஒரு பக்கத்தில் நிற்கிறான். அங்குள்ள இணைப்புகளில் ஏதோ ஒன்றைப் பிடித்து அடுத்த பக்கம் போகிறான். நூற்றுக்கு எண்பத்தைந்து தடவை இப்படிச் செய்கிறான். பாக்கிப் பதினைந்து தடவை சலித்துப்போய், சம்பந்தமே இல்லாத வேறு பக்கத்துக்குத் தாவிவிடுகிறான். இப்படியே காலமெல்லாம் சுற்றினால் எந்தப் பக்கத்தில் அதிகம் தென்படுவானோ, அந்தப் பக்கமே உயர்ந்தது. முதலில் எல்லாப் பக்கங்களுக்கும் சமமான மதிப்பைக் கொடுத்துவிட்டு இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டால், ஆடுகிற தராசு நின்றுவிடுவதைப் போல் எண்கள் நிலைத்துவிடும். 1998-இல் இருவரும் எழுதிய கட்டுரையில் சுமார் 2 கோடியே 40 லட்சம் பக்கங்களை வைத்துக்கொண்டு இதைச் செய்து காட்டியிருந்தார்கள். அதே சமயத்தில் ஜான் க்ளைன்பர்க் என்பவரும் இதற்கு நெருங்கிய ஒரு முறையைக் கண்டார். அவர்களுக்கு முன்னதாகவே, 1996-இல், சீனத்து இளைஞர் ராபின் லீ இணைப்புகளைக் கொண்டு தரம் பார்க்கும் யந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். பிற்காலத்தில் 'பைடு' ஸ்தாபனத்தை ஆரம்பித்தவர் அவர். காலம் கனிந்தால் பல மரத்தில் ஒரே சமயத்தில் பழம் விழும் போலிருக்கிறது.

கூகிள் என்ற பெயரோடு வந்த அந்த யந்திரம் மற்றவற்றையெல்லாம் ஏன் முந்தியது? கணக்கு சாமர்த்தியமானது என்பது வாஸ்தவம். ஆனால் அதைவிட முக்கியமான காரணம் ஒன்று எனக்குத் தோன்றுகிறது. அன்று வலையில் இணைப்புக் கொடுத்தவர்கள், தாங்கள் சாட்சி சொல்லுவதாக நினைக்கவே இல்லை. ஒரு தாவர சாஸ்திரி தமக்குப் பிடித்த இன்னொரு தாவர சாஸ்திரியின் பக்கத்தைக் காட்டினார். ஒரு மாணவன் நல்ல பாடத்தைக் கண்டு நண்பர்களுக்குச் சொன்னான். தனியாக இருக்கும்போது ஒரு மனிதன் சொல்லும் அபிப்பிராயத்துக்கு உள்ள நம்பகம் அந்தச் சாட்சியங்களுக்கு இருந்தது. கூகிள் வாயிற்படியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டது.

*

கேட்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் யாரும் பழையபடி பேசமாட்டார்கள்.

இருவரும் 1998 கட்டுரையிலேயே ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். விளம்பரப் பணத்தில் வாழும் தேடு யந்திரம், தேடுகிறவர்கள் பக்கம் நிற்பதை விட்டு விளம்பரக்காரர்கள் பக்கம் சாய்ந்துவிடும் என்பதே அதன் கருத்து. அதே வருஷம் ஆகஸ்டில் ஆண்டி பெக்டோல்ஷைம் என்ற தனவந்தர், இன்னும் பதிவே ஆகாத கம்பெனியின் பெயருக்கு ஒரு லட்சம் டாலர் செக் எழுதிக் கொடுத்தார். செப்டம்பரில் கம்பெனி பதிவாயிற்று. அந்த 1998-லேயே பில் கிராஸ் என்பவர் 'கோடூ' என்ற யந்திரத்தைத் தொடங்கி, அதிகப் பணம் கொடுப்பவர்க்கு முதல் இடம் என்று பகிரங்கமாக ஏலம் விட்டார். 2000 அக்டோபரில் கூகிளும் விளம்பரத்தில் இறங்கிற்று. விளம்பரத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் யார் எதை எச்சரித்தார்களோ அவர்களே அதைச் செய்து பெரும் செல்வந்தர்கள் ஆனார்கள். இதை ஒரு நாவலில் எழுதினால் செயற்கையாக இருக்கிறதென்று விமரிசகர்கள் சொல்லுவார்கள்!

இன்னொரு பக்கம் சாட்சிகளை விலைக்கு வாங்கும் வியாபாரம் செழித்தது. ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுப்பதற்காகவே ஆயிரக்கணக்கான வெற்றுப் பக்கங்களைப் பயிரிட்டார்கள். 2003-இல் விஷமக்காரர்கள் பலர் ஒன்று சேர்ந்து 'படுதோல்வி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களில் இணைப்புக் கொடுத்து, அந்தச் சொற்களைத் தேடினால் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு முதலில் வரும்படி செய்தார்கள். அதைச் சரிசெய்ய 2007 ஜனவரி வரையில் ஆயிற்று. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தியது. ஜே.சி.பென்னி என்ற பெரிய கடை, உடுப்பு, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என்று எதைத் தேடினாலும் பல மாதங்களாக முதலில் வந்துகொண்டிருந்தது. துணிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஏராளமான தளங்களில் அந்தக் கடைக்கு விலைக்கு வாங்கிய இணைப்புகள் இருந்தன. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். கூகிள் அந்தக் கடையை முதல் இலையிலிருந்து எழுப்பித் தூரத்தில் உட்கார வைத்தது.

அந்த வருஷமே 'பாண்டா' என்றும், 2012-இல் 'பென்குவின்' என்றும் பெயரிட்ட புதிய கணக்குகள் வந்தன. முன்னது சாரமில்லாத பக்கங்களையும் பின்னது கள்ளச் சாட்சிகளையும் பிடிக்க வந்தவை. அதன் பிறகு யந்திரத்துக்கு மொழியின் பொருளையே ஓரளவு கற்றுக்கொடுத்தார்கள். தேடி வந்தவர் எதைத் தொட்டார், எதைத் தொட்டுவிட்டு உடனே திரும்பினார் என்பதையும் வரிசைக்குப் பயன்படுத்துவதாக 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் கூகிள் உத்தியோகஸ்தர் ஒருவர் சாட்சியம் அளித்தார். ஆகவே நாமும் நமக்குத் தெரியாமலே சாட்சிக் கூண்டில் நிற்கிறோம்.

*

முதல் இலை யாருக்கு என்பது கடைக்காரர்களின் சண்டை மாத்திரம் என்றால் நான் இவ்வளவு தூரம் எழுதியிருக்கமாட்டேன். 2016 டிசம்பரில் லண்டன் கார்டியன் பத்திரிகை ஒன்றைச் சுட்டிக் காட்டியது. ஹிட்லர் ஆட்சியில் யூதர்கள் படுகொலை செய்யப்பட்டது உண்மையா என்று ஆங்கிலத்தில் தேடினால், அது பொய் என்று சாதிக்கும் நாஜிக் கும்பலின் பக்கம் முதலில் வந்தது. அறுபது லட்சம் பேர் மாண்ட கொடுமை அது. யந்திரத்துக்கு யூதர்மேல் பகை இல்லை. நாஜிகள்மேல் அன்பும் இல்லை. நடந்தது நடந்தது என்று அறிந்தவர்கள் அப்படி ஒரு கேள்வியைத் தலைப்பாக வைத்து எழுதுவதில்லை, மறுக்கிறவர்கள்தாம் எழுதுகிறார்கள். கேள்விக்குப் பொருத்தமான பக்கத்தை யந்திரம் எடுத்துக் கொடுத்தது. அந்த மாதமே கூகிள் தன் கணக்கை மாற்றிற்று. ஆனால் அதற்குள் அந்தக் கேள்வியைக் கேட்ட பள்ளிப் பிள்ளை எத்தனை பேரோ!

2014 மே 13-ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்றும் யோசிக்கத்தக்கது. ஸ்பெயின் தேசத்தவர் ஒருவரின் கடனுக்காகச் சொத்து ஏலம் போகும் அறிவிப்பு 1998-இல் ஒரு பத்திரிகையில் வந்திருந்தது. கடன் தீர்ந்து பல வருஷம் ஆன பிறகும் அவர் பெயரைத் தேடினால் அந்த அறிவிப்பே வந்து நின்றது. பத்திரிகையின் பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். பெயரைத் தேடும்போது அதைக் காட்டும் வரியைக் கூகிள் எடுத்துவிட வேண்டும் என்பதாக வழக்கு முடிந்தது. ஏட்டிலிருந்து நீக்குவதே ஏறக்குறைய மறதிக்குச் சமம் என்று நீதிபதிகளே கண்டுகொண்டார்கள்.

ஏட்டில் ஏறாமலே இருந்தவர்களில் நாமும் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் தமிழ்ப் பத்திரிகைகள் வலைக்கு வந்தபோது ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. திரையில் தமிழாகத் தெரிந்தது, சிலந்தியின் கண்ணுக்குப் பொருளற்ற ரோமன் எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு பொதுவான குறியீட்டுக்கு வழி தேடிற்று. யூனிகோடு பரவலாக வழக்கத்துக்கு வந்த பிறகுதான் தமிழ்ப் பக்கங்கள் நன்றாக ஏடேறின. அதற்குப் பிறகும் 'வீடு' என்று தேடுகிறவனுக்கு 'வீட்டில்', 'வீட்டுக்கு', 'வீட்டை' எல்லாம் ஒரே சொல்லின் உருவங்கள் என்று யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய எழுத்துருவிலேயே தங்கிவிட்ட பக்கங்களில் என்னென்ன கதைகள் கிடக்கின்றனவோ!

வழக்குகளும் தொடர்ந்தன. சென்னையில் உள்ள ஒரு திருமணத் தகவல் கம்பெனியும் ஜெய்ப்பூரின் நுகர்வோர் அமைப்பு ஒன்றும் 2012-இல் கொடுத்த புகாரின்பேரில், இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகிளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தன் சொந்தப் பண்டத்துக்குப் பந்தியில் நல்ல இடம் கொடுத்துக்கொண்டது என்பது குற்றச்சாட்டின் சாரம். அமெரிக்க அரசாங்கம் தொடுத்த வழக்கில் சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, கூகிளின் தலைவர் என்ற முறையில், 2023-இல் கூண்டேறிச் சாட்சி சொன்னார். பிற கம்பெனிகளின் கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தானே முதல் யந்திரமாக இருக்கும்பொருட்டுக் கூகிள் 2021-இல் மாத்திரம் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்ற விவரம் அந்த வழக்கில் வெளிவந்தது. பிறருக்கு முதல் இலை போடுகிறவரே தாம் முதல் இலையில் உட்காரக் கொடுத்த விலை! தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொண்டது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில், கம்பெனியைப் பிளக்க வேண்டாம், ஆனால் சொல்லடைவின் சில விவரங்களைப் போட்டிக் கம்பெனிகளுக்கும் கொடுக்கவேண்டும் என்று உத்தரவிட்டார்.

இப்போது மற்றொரு மாறுதல். 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகிள், பட்டியலுக்கு மேலே தானே ஒரு பதிலை எழுதிக் காட்டத் தொடங்கியது. வந்த சில நாளில், பிட்ஸாவில் சீஸ் ஒட்டாவிட்டால் கொஞ்சம் பசை சேர்க்கலாம் என்று அது யோசனை சொல்லி, ஊரே சிரித்தது. பல வருஷங்களுக்கு முன் எவரோ வேடிக்கைக்கு எழுதிய வரியை அது வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டது.

சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய விஷயமாக எனக்குப் படவில்லை. பட்டியல் இருந்தவரையில் யார் என்ன சொல்லுகிறார்கள் என்று ஆளைப் பார்த்து எடை போட நமக்கு இடம் இருந்தது. பதில் மாத்திரம் வரும்போது சாட்சிகள் திரைக்குப் பின்னால் போய்விடுகிறார்கள். சிரிப்பு வருகிற பொய்யை நாம் பிடித்துவிடுவோம். நியாயம்போல் தோன்றுகிற பொய்யை யார் பிடிப்பார்கள்?

யந்திரத்தை விட்டுவிட்டு வாழலாம் என்று நான் சொல்லவரவில்லை. இந்தக் கட்டுரைக்கே அதனிடம் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் அதன் தீர்ப்புகளெல்லாம் நம்மைப் போன்றவர்கள் பணம் வாங்காமல் சொல்லிய 'இதைப் போய்ப் பார்' என்ற வார்த்தைகளின் மேல்தான் ஆதியில் நின்றன. நல்ல பக்கத்தைக் கண்டால் நாலு பேருக்குச் சொல்லுவோம். முதல் இலையில் இருப்பவரைக் கண்டு வணங்கிவிட்டு, பந்தியின் கோடியில் உட்கார்ந்திருப்பவரிடமும் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவோம். சமையல் எப்படி இருந்தது என்று பல சமயங்களில் அவர்தான் உள்ளபடி சொல்லுவார்.